பெட்ரியின் தொடக்க ஆண்டுகள்: உடம்பு பலவீனமா, அட்டவணை தின்றதா?

நடுவட்டம் எழுதியது:

பார்சிலோனாவின் நடுக்கள வீரர் பெட்ரி என்று பேச்சை எடுத்தாலே "ஆட்டம் அபாரம், ஆனால் கண்ணாடி உடம்பு" என்று யாராவது ஒருவர் வந்து முடித்துவைப்பார். 2024-25 சீசனில் பார்சிலோனாவுக்காக 59 ஆட்டங்கள் ஆடிய பிறகு இந்தப் பேச்சு அடங்கியிருக்கிறது, ஓயவில்லை. அதனால் அவருடைய ஆரம்ப ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதம் இதுதான். 2020 செப்டம்பரிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை அந்தப் பையனை 73 ஆட்டங்கள் ஆட வைத்தார்கள். பார்சிலோனாவுக்கு 52, மீதியெல்லாம் ஸ்பெயினுக்கு: 21 வயதுக்குட்பட்டோர் அணி, தேசிய அணி, ஒலிம்பிக் அணி என்று மூன்று சட்டை. வயது 17-18. அடுத்த சீசனில் கிளப்புக்கு ஆடியது வெறும் 22 ஆட்டம். இது உடம்பின் குறை இல்லை, பெரியவர்கள் போட்ட கணக்கின் விளைவு.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் அவருடைய கதையை பார்சிலோனாவில் தொடங்குகிறார்கள். அதற்கு முன் லாஸ் பால்மாஸ் கிளப்பில் ஆடிய 2019-20 சீசனை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் அவரை உருவாக்கியதே அந்த ஒரு வருடம்தான். 16 வயதில் ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில் 36 லீக் ஆட்டம், 4 கோல். இரண்டாம் டிவிஷன் என்றால் முப்பது வயது தாண்டிய முரட்டு டிஃபெண்டர்கள் முழங்காலைப் பார்த்து வரும் இடம். அகாடமியில் ஒத்த வயதுப் பையன்களோடு ஆடிப் பழகியவனுக்கு அந்தப் படிப்பு கிடைக்காது.

உங்கள் கருத்து?

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

உங்கள் வாதத்தின் முதல் பாதியைப் பிறகு பேசுகிறேன், லாஸ் பால்மாஸ் பகுதிக்கு என் ஓட்டு. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்ரி பிறந்தது டெனெரிஃபே தீவில், தெகெஸ்தே என்ற ஊரில். லாஸ் பால்மாஸோ எதிர்த்தீவான கிரான் கனாரியாவின் கிளப். இந்த இரண்டு தீவுகளின் கிளப்புகளுக்கும் ஆகவே ஆகாது. சொந்தத் தீவுப் பையனை டெனெரிஃபே கிளப் கோட்டைவிட, 2018இல் பக்கத்துத் தீவுக்காரன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருடமே சீனியர் அணியில் ஆடினான்.

அதற்கு முன்னால் ரியல் மாட்ரிட்டும் தேர்வுக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. போன நேரம் பனி கொட்டிப் பயிற்சியே கெட்டதாம். தீவில் வளர்ந்தவனைப் பனியில் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறார்கள்!

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

மாட்ரிட் ரசிகனாக அந்தப் பனிக்கதையை எத்தனை முறைதான் கேட்பது. சரி, விடுங்கள்.

நடுவட்டம், உங்கள் 73 கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதை வைத்து நீங்கள் எட்டும் முடிவில் ஓட்டை இருக்கிறது. ஜூட் பெல்லிங்ஹாமைப் பாருங்கள். அவரும் 16 வயதில் பர்மிங்ஹாமில் இரண்டாம் டிவிஷனில்தான் தொடங்கினார், அதே 2019 ஆகஸ்டில். 17இல் டோர்ட்மண்ட், 20இல் மாட்ரிட். கிளப்பும் நாடும் சேர்த்து 21 வயதுக்குள் 251 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார் என்று வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோவே கணக்குக் காட்டியது. டேவிட் பெக்கம் அதே வயதில் ஆடியிருந்தது 54. அவ்வளவு ஆடியும் பெல்லிங்ஹாமின் தொடை வருடாவருடம் கிழியவில்லை. அட்டவணைதான் குற்றவாளி என்றால் இவர் எப்படித் தப்பித்தார்? எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. சிலருக்கு உடல்வாகு அப்படி, அவ்வளவுதான்.

---

தசைநார் எழுதியது:

விளையாட்டுக் காயங்களுக்கான பிசியோதெரபி என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டங்களை எண்ணுவது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி இடைவெளி. ஒரு சீசன் முடிந்ததும் வீரனுக்கு நான்கு வாரமாவது முழு ஓய்வு வேண்டும், அதற்குப் பிறகு மெதுவாக ஏற்றும் பயிற்சிக்காலம் வேண்டும். ஃபிஃப்ப்ரோவும் 28 நாள் ஓய்வைத்தான் கேட்கிறது. பெட்ரியின் தேதிகளைப் பாருங்கள். 2021 ஜூலை 6 அன்று யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) அரையிறுதி, இத்தாலியோடு, 120 நிமிடம் போய் பெனால்டியில் தோல்வி. ஜூலை 22 அன்று ஒலிம்பிக் முதல் ஆட்டம், எகிப்தோடு. நடுவில் 16 நாள், அதற்குள் ஜப்பானுக்குப் பயணம், வெயில், நேர வித்தியாசம் எல்லாம் அடக்கம். ஆகஸ்ட் 7 அன்று யோகோஹாமாவில் பிரேசிலோடு இறுதி ஆட்டம், அதுவும் கூடுதல் நேரம் வரை. எட்டு நாள் கழித்து பார்சிலோனாவுக்கு லா லிகா (ஸ்பெயினின் முதல் டிவிஷன்) தொடங்கிவிட்டது. ஓய்வும் இல்லை, உடம்பைத் தயார்செய்யும் காலமும் இல்லை.

யூரோவை மட்டும் எடுத்தாலும் ஸ்பெயின் மொத்தம் 630 நிமிடம் ஆடியது, மூன்று நாக் அவுட்டும் 120 நிமிடம். அதில் பெட்ரி 629 நிமிடம் களத்தில் இருந்தார். சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் வெளியே எடுத்த அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு.

இப்போது காயத்துக்கு வருவோம். செப்டம்பர் 14, பயர்ன் மியூனிக்குக்கு எதிராக இடது தொடையின் முன்பக்கத் தசை. இரண்டே வாரத்தில் பென்ஃபிகாவுக்கு எதிராக இறக்கினார்கள். மறுபடி அதே தொடை. பிறகு ஜனவரி வரை ஆள் இல்லை. என்னைப் பொறுத்தவரை முதல் காயத்தைவிட அந்த அவசரத் திரும்பல்தான் பெரிய குற்றம். தசைக்காயத்தில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அடுத்த காயத்துக்கு மிகப் பெரிய காரணம் முந்தைய காயம். 2022 ஏப்ரலில் ஃப்ராங்க்ஃபர்ட் ஆட்டத்தில் பின்தொடை போனது, 2023 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் மறுபடி முன்தொடை. இதெல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத்தான் எனக்குத் தெரிகிறது.

வெள்ளைச்சட்டை கேட்டதற்குப் பதில்: உடல்வாகு ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருவரும் ஓடும் விதமே வேறு. பெல்லிங்ஹாம் ஆறடி தாண்டிய ஆள், நீளமாக, நேராக ஓடுவார், மோதித் தோளால் வெல்வார். பெட்ரி நிற்பார், திரும்புவார், மறுபடி நிற்பார். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போதுதான் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அங்கேதான் கிழிகிறது. போதாததற்கு 18 வயதில் எலும்புகள் முழுதாக முற்றியிருக்காது. பின்தொடைத் தசை போய் ஒட்டும் இடுப்பெலும்புப் பகுதி சிலருக்கு இருபது வயதுக்கு மேல்தான் இறுகும்.

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

அப்படியென்றால் "பெட்ரியின் ஆட்டமுறையே அவர் தசைக்கு ஆபத்து" என்றுதானே ஆகிறது? நான் சொன்ன உடல்வாகும் அதில் பாதி. சுற்றி வளைத்து என் பக்கமே வந்திருக்கிறீர்கள் தசைநார்.

---

தசைநார் எழுதியது:

ஆபத்து அதிகம் என்று தெரிந்த வீரனுக்கு ஓய்வும் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பக்கம். நீங்கள் அதை வேறு கதவு வழியாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். :)

---

பழையபூட்ஸ் எழுதியது:

சிறு வயதில் தேய்ந்துபோன நடுக்கள வீரர்களில் என்னால் மறக்க முடியாதவர் ஜாக் வில்ஷியர். 2010-11இல் ஆர்சனலுக்கு 49 ஆட்டம், வயது 18-19. பார்சிலோனாவை ஆர்சனல் 2-1 என்று ஜெயித்த அந்த இரவில், சாவியும் இனியெஸ்டாவும் இருந்த நடுக்களத்தில் பயமே இல்லாமல் ஆடினார். அடுத்த சீசன் முழுவதும் கணுக்கால் காயத்தால் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2022இல், 30 வயதில், ஓய்வு அறிவித்தார்.

மறுபக்கம் இனியெஸ்டா. 2002இல் 18 வயதில் முதல் ஆட்டம். ஆனால் தவறாமல் இறக்கத் தொடங்கியது 2004-05இல்தான். இரண்டு வருடம் நனைத்து ஊறவைத்தார்கள். அப்போது அவருக்கே எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். பெட்ரிக்கு அந்த இரண்டு வருடம் கிடைக்கவில்லை. காரணமும் எளிது: 2020இல் பார்சிலோனாவிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

---

நடுவட்டம் எழுதியது:

பணம் என்று பழையபூட்ஸ் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 2019 கோடையில் பார்சிலோனா கிரீஸ்மனுக்கு 12 கோடி யூரோ கொட்டியது. அதே செப்டம்பரில் பெட்ரிக்கு லாஸ் பால்மாஸிடம் கொடுத்தது 50 லட்சம் யூரோ, மேற்கொண்டு ஆட்டத்தைப் பொறுத்துக் கூடும் தொகை. பார்சிலோனா நிர்வாகத்தில் இருந்த ரமோன் பிளானெஸ் முன்னின்று முடித்த ஒப்பந்தம். முக்கியமாக, வாங்கியதுமே கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு சீசன் லாஸ் பால்மாஸிலேயே விட்டுவைத்தார்கள். அந்த நிர்வாகம் செய்ததில் எனக்குப் பிடித்த முடிவு அது ஒன்றுதான்.

அங்கே பயிற்சியாளர் பெப்பே மெல் பையனை நம்பி முதல் வாரத்திலிருந்தே இறக்கினார். ஹுவெஸ்காவில் முதல் ஆட்டம், தோல்வி. ஒரு மாதம் கழித்து ஸ்போர்ட்டிங் ஹிஹோனுக்கு எதிராக முதல் கோல், 1-0 வெற்றி. அந்தக் கிளப்பில் அவ்வளவு சிறிய வயதில் லீக் கோல் அடித்தவர் அதுவரை இல்லை. அடுத்த கோடையில் பார்சிலோனா பயிற்சிக்கு வந்தபோது பயிற்சியாளர் கூமன் அவரை வேறு கிளப்புக்கு லோனில் அனுப்பலாமா என்று யோசித்ததாகப் பேச்சு அடிபட்டது. சில பயிற்சிகள் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

---

அரைவெளி எழுதியது:

எல்லோரும் காயத்தையே பேசுகிறீர்கள். ஆட்டத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன்!

முதல் சில மாதங்கள் கூமன் 4-2-3-1 என்ற ஆட்ட அமைப்பு வைத்திருந்தார். பெட்ரியை ஓரத்தில் போட்டார், சில நாள் வலது, சில நாள் இடது. அவர் விங்கர் இல்லை. கோட்டோரம் நின்று டிஃபெண்டரை ஓட்டத்தில் முந்தும் வேகம் அவரிடம் கிடையாது. ஆனால் ஓரத்தில் தொடங்கி உள்ளே நழுவி மெஸ்ஸிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். இருவரும் மூன்றடி தூரத்தில் மாற்றி மாற்றித் தட்டிக்கொள்வார்கள். மெஸ்ஸி ஒருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும் என்று நம்பி ஓடினார் என்றால், அவர் அந்த ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

2021 தொடக்கத்தில் கூமன் மூன்று சென்டர்பேக் (நடு டிஃபெண்டர்) வைத்து ஆடத் தொடங்கிய பிறகுதான் பெட்ரி புஸ்கெட்ஸ், டி யோங்கோடு உண்மையான நடுக்களத்துக்கு வந்தார். ஏப்ரலில் அத்லெட்டிக் பில்பாவோவை 4-0 என்று வென்ற கோப்பா (ஸ்பெயின் கோப்பை) இறுதி அந்த மூவரும் சேர்ந்து ஆடியதில் சிறந்த ஆட்டங்களில் ஒன்று.

அப்புறம் யூரோவில் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே 4-3-3இல் இடப்பக்க உள்நடுக்களம் கொடுத்தார். அந்த இத்தாலி அரையிறுதியில் 66 பாஸில் 65 சரியாகச் சேர்ந்தது. எண்ணிக்கையைப் பார்த்து "பக்கவாட்டுப் பாஸ்தானே" என்று சொல்பவர்கள் ஆட்டத்தை மறுபடி பார்க்கட்டும். ஜோர்ஜின்யோ, வெராட்டி, பரெல்லா மூவரும் நிற்கும் இடத்தில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்தை வாங்கி, முன்னால் திரும்பி ஆடினார். பந்து வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவார். அதனால் முதல் தொடுதலே எதிராளியை விட்டு விலகும் தொடுதலாக இருக்கும். அவருக்கு வேகம் தேவைப்படாததற்கு அதுதான் காரணம்.

18 வயதில் ஒரு பெரிய போட்டியில் இப்படி இனியெஸ்டாகூட ஆடியதில்லை என்று லூயிஸ் என்ரிக்கே சொன்னார். பயிற்சியாளர்கள் இப்படி மிகைப்படுத்துவது வழக்கம்தான். ஆனால் உண்மையும் அதுதான்: அந்த வயதில் இனியெஸ்டா தேசிய சீனியர் அணியிலேயே இல்லை.

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

அதே யூரோவில் குரோஷியாவுக்கு எதிராக விழுந்த சொந்தக் கோலை விட்டுவிட்டீர்களே! நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பிய சாதாரணப் பந்து. உனாய் சிமோன் காலைத் தாண்டி உள்ளே உருண்டது. பதிவேட்டில் பெட்ரியின் பெயர். முழுத் தப்பும் கீப்பருடையது, எழுதியதோ பையன் கணக்கில்.

எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. அடுத்த பந்தையே ஒன்றும் நடக்காதது மாதிரி கேட்டு வாங்கினார். ஸ்பெயின் 5-3 என்று ஜெயித்தது. போட்டி முடிந்ததும் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே.

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

ஆட்டத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 2022 ஏப்ரலில் செவிய்யாவுக்கு எதிராக இரண்டு பேரைப் பொய்க்காட்டிப் படுக்கவைத்துவிட்டு வெளியிலிருந்து அடித்த கோலை நானே எழுந்து நின்று பார்த்தேன். அந்த மாதமே மறுபடி காயம் என்பதுதான் எரிச்சல்.

என் கேள்வி: யாரைக் குற்றம் சொல்கிறீர்கள்? கூமனையா, லூயிஸ் என்ரிக்கேயையா, ஒலிம்பிக் பயிற்சியாளரையா? மூவருமே அவரவர் வேலையைத்தானே செய்தார்கள்.

---

நடுவட்டம் எழுதியது:

சிக்கலே அதில்தான். மூவரும் அவரவர் வேலையைச் செய்தார்கள், மொத்தக் கணக்கைப் பார்க்க ஒருவரும் இல்லை.

கிளப் நினைத்தால் தடுத்திருக்கலாமே என்று கேட்பார்கள். ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்து ஃபிஃபாவின் கட்டாய நாட்காட்டியில் இல்லை. அதனால் பிற நாட்டுக் கிளப்புகள் வீரனை அனுப்ப மறுக்கலாம், நிறையப் பேர் மறுத்தார்கள். ஸ்பெயினில் நிலைமை வேறு. தேசிய அணி கூப்பிட்டால் உள்நாட்டுக் கிளப் விட்டே ஆகவேண்டும் என்று அங்கே விளையாட்டுச் சட்டம் சொல்கிறது. கூமன் வெளிப்படையாகவே முணுமுணுத்தார், பலன் இல்லை.

பெட்ரியே ஒலிம்பிக்குக்கு ஆசைப்பட்டுத்தான் போனார் என்பதும் உண்மை. வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஆனால் 18 வயதுப் பையனிடம் "ஒலிம்பிக் வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வான்? அந்தச் சம்மதத்தை ஒரு சம்மதமாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

---

பழையபூட்ஸ் எழுதியது:

யூரோ ஆடிய கையோடு டோக்கியோ போன ஸ்பெயின்காரர்கள் ஆறு பேர்: உனாய் சிமோன், பாவ் தோரெஸ், எரிக் கார்சியா, பெட்ரி, டானி ஓல்மோ, ஓயர்சாபல். அடுத்த சீசனில் ஓல்மோவுக்குத் தசைக்காயம், எரிக் கார்சியாவுக்கும் தசைக்காயம், ஓயர்சாபலுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. கோல்கீப்பர் சிமோன் பெரிதாக எதுவும் இல்லாமல் ஓட்டினார். ஆறில் நான்கு. வெள்ளைச்சட்டை, ஆறு பேரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் இதையும் பெட்ரியின் உடல்வாகு என்று சொல்வீர்களா?

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

முழங்கால் அறுவதைத் தசைக்களைப்போடு சேர்க்காதீர்கள், அது பயிற்சியில் நடந்த தனி விபத்து. மற்ற மூன்றுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. 2022-23, 2023-24 சீசன்களிலும் அடிக்கடி காயம்தானே? ஒலிம்பிக் முடிந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அதையே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி? சாவி பயிற்சியாளராக இருந்த காலத்துப் பயிற்சியில் குறை இருந்ததா? அடுத்த பயிற்சியாளராக ஃப்ளிக் வந்ததும், ஹூலியோ தூஸ் உடற்பயிற்சிக் குழுவைக் கையில் எடுத்ததும், அதே ஆள் 59 ஆட்டம் ஆடுகிறாரே?

---

தசைநார் எழுதியது:

நல்ல கேள்வி. சாவியின் குழு உள்ளே என்ன செய்தது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 2024இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கூடிவந்தன. யூரோ காலிறுதியில், எட்டாவது நிமிடத்திலேயே, டோனி க்ரூஸ் மோதலில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அது தசைக்காயம் இல்லை. அதனால் அந்தக் கோடையில் கால்களுக்கு ஓய்வு கட்டாயமானது. கூடவே, தசை நீளும்போது பாரம் தாங்கப் பழக்கும் வலுப்பயிற்சி. எங்கள் துறையில் பின்தொடைக் காயத்தைக் குறைக்க நன்றாக நிரூபணமான வழி அதுதான். சரியாகச் செய்யும் அணிகளில் காயம் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன.

21 வயது உடம்பு 18 வயது உடம்பு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த ஓய்வு, வலுப்பயிற்சி, வயது. எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாது.

---

அரைவெளி எழுதியது:

ஃப்ளிக் காலத்தில் ஆட்ட இடமும் மாறியது. சாவியிடம் பெரும்பாலும் பெனால்டி கட்டத்துக்குப் பக்கத்தில் திரிந்தவர், ஃப்ளிக்கிடம் பின்னால் இறங்கி டி யோங்கோடு இருவர் நடுக்களமாக ஆடுகிறார். முகம் எப்போதும் எதிர்க் கோலைப் பார்த்து இருக்கிறது. முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு சுழல வேண்டிய தருணங்கள் குறைந்துவிட்டன. தசைநாருக்கு இது பயன்படுமா தெரியவில்லை.

2025 ஏப்ரலில் கோப்பா இறுதியில் மாட்ரிட்டுக்கு எதிராக வெளியிலிருந்து அடித்த முதல் கோல் ஞாபகம் இருக்கிறதா, வெள்ளைச்சட்டை? ;)

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

இருக்கிறது. 3-2. ஞாபகப்படுத்தியதற்கு நன்றி இல்லை.

---

புதுவரவு எழுதியது:

இந்த இழையை முழுதும் படித்தேன், அருமை. ஒரு சந்தேகம்: 2021 அக்டோபரில் அவர் காயத்தோடு இருக்கும்போதே 2026 வரை ஒப்பந்தம், 100 கோடி யூரோ ரிலீஸ் கிளாஸ் (வேறு கிளப் அவரைக் கூட்டிப்போகக் கட்ட வேண்டிய தொகை) என்று போட்டார்களே. இளம் வீரர்களுக்கான கோல்டன் பாய், கோபா விருது இரண்டும் அந்த நவம்பரிலேயே வந்தன. காயத்தில் கிடப்பவனுக்கு எப்படி?

---

நடுவட்டம் எழுதியது:

விருதுகள் முந்தைய சீசனையும் யூரோவையும் பார்த்துக் கொடுத்தவை. ஒப்பந்தத்துக்கு வேறு காரணம். ஆகஸ்டில்தான் மெஸ்ஸி போயிருந்தார். கிளப்புக்குக் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. 100 கோடி என்பது யாரும் கொடுக்கப் போகும் விலை இல்லை, "கிட்டே வராதே" என்று மாட்டிய பலகை. அதன் பிறகு 2025 தொடக்கத்தில் 2030 வரை நீட்டியும்விட்டார்கள்.

---

பழையபூட்ஸ் எழுதியது:

கடைசியாக ஒன்று. 2024இல் ஸ்பெயின் யூரோவையும் ஒலிம்பிக்கையும் இரண்டையுமே ஜெயித்தது. இரண்டு அணியிலும் இருந்தவர்கள் ஃபெர்மின் லோபெஸும் அலெக்ஸ் பயேனாவும் மட்டும். இருவருமே யூரோவில் அதிகம் ஆடாதவர்கள். பார்சிலோனாவின் இளம் விங்கர் லமீன் யமாலை பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கூப்பிடவில்லை. 2021இல் ஆறு பேர், முக்கால்வாசி முக்கிய ஆட்டக்காரர்கள். பெட்ரியைப் பார்த்துத்தான் யாரோ கணக்குப் பார்க்கக் கற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

கற்றார்களா? அதே யமால் அடுத்த சீசனில், 17 வயதில், பார்சிலோனாவுக்கு மட்டும் 55 ஆட்டம் ஆடினார்.

---

நடுவட்டம் எழுதியது:

யமால் நடுக்கள வீரர் இல்லை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தசைநாரை அங்கேயும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.